பெரும் பணக்காரங்க மேல சொத்து வரி: தோட்டத்துப் பட்டணத்துல ஓட்டர்கிட்ட எப்படி பேசுறது

நம்ம மலேசியாவுல வீட்டுக்காக கவுன்சிலுக்குக் கட்டுற வரி, சுக்காய் பிந்து, அதக் கட்டுற மாசமா பாத்து ஆரம்பிங்க. பிப்ரவரி, ஆகஸ்ட், ரெண்டு தடவ வரும்ல, அந்த ரெண்டு மாசத்துலயும் நம்ம தாமான்ல (குடியிருப்புல) எல்லார் வாயிலயும் வரிப் பேச்சுதான் இருக்கும், நீங்க புதுசா எதையும் ஆரம்பிச்சு வைக்க வேண்டியதே இல்ல. வாசல்ல போய் நின்னு "அக்கா பசியாறிட்டீங்களா, சுக்காய் கட்டிட்டீங்களா"ன்னு கேட்டா போதும், மீதிய அவங்களே சொல்லுவாங்க.

எங்க ஊரு சுங்கை சிப்புட். எங்க லோரோங்ல ஒரு அக்கா இருக்காங்க, முப்பது வருசத்துக்கு மேல பால்மரம் சீவுனவங்க, வீட்டுக்காரர் போய் சேந்துட்டாரு, இப்ப வருமானம்னு பாத்தா மகன் அனுப்புறது மட்டும்தான். இருக்குறது ஒரே ஒரு மலிவு விலை வீடு. அந்த வீட்டுக்கு வருசத்துக்கு ரெண்டு தடவ கவுன்சிலுக்கு சுக்காய் பிந்து, அப்புறம் நிலவரி தனி. அக்கா கையில காசு இருக்கா இல்லையான்னு யாரும் கேக்குறதில்ல, வீடு இருக்குல்ல, கட்டு. இதுக்குப் பேருதாங்க சொத்து வரி. நம்ம ஆளுங்க ரொம்ப பேருக்கு இது இப்படித் தோணுனதே இல்ல, சொத்து வரின்னாலே ஏதோ வெள்ளைக்கார நாட்டு சமாச்சாரம்னு நெனைக்கிறாங்க, ஆனா நம்ம பல வருசமா கட்டிக்கிட்டுதான் இருக்கோம், நம்மகிட்ட இருக்குற ஒரே சொத்துக்கு.

பெரிய பணக்காரரும் வீட்டுக்கும் நிலத்துக்கும் கட்டுறாரு, அத மறைக்காதீங்க. ஆனா அவரு சொத்துல வீடு எவ்வளவு, பங்கு எவ்வளவு? கம்பெனிப் பங்கு, பேங்க்ல கிடக்குற காசு, இதுக்கெல்லாம் வச்சிருக்கீங்களே கட்டுங்கன்னு வருசா வருசம் பில் அனுப்புற ஆபிஸ் நம்ம நாட்டுல கிடையாது. பங்குச் சந்தைல, அதான் புர்சா மலேசியாவுல, தன்னோட முதலீட்டுப் பங்க லாபத்துக்கு வித்தா தனி ஆளுக்கு அந்த லாபத்துக்கு வரி இல்ல. டிவிடென் காசு ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல போனா 2 விழுக்காடுன்னு 2025-லேர்ந்துதான் வந்திருக்கு. செத்தவங்க சொத்து மேல இருந்த வரியையும் 1991 நவம்பர் 1-ம் தேதியோட எடுத்துட்டாங்க, அதுலேர்ந்து இந்த நாட்டுல எத்தன மில்லியன் அப்பன்கிட்டேர்ந்து மகனுக்குக் கை மாறுனாலும் பரம்பரை வரின்னு ஒரு காசு கிடையாது. பில்ல கையில வச்சுக்கிட்டு இத சொல்லுங்க, ரொம்ப நேரம் பேசத் தேவையில்ல.

நான் முதல் தடவ பண்ண தப்ப சொல்லிடுறேன், நீங்க பண்ணாதீங்க. கோயில் மண்டபத்துல கூட்டம், நாப்பது பேர் வந்திருந்தாங்க, நான் விழுக்காடு, உலக நாடு, பெரிய பெரிய பணக்காரங்க கணக்குன்னு ஸ்லைடு போட்டு அரை மணி நேரம் பேசிட்டேன். யாருக்கு வரி யாருக்கு இல்லங்கறத கடைசில சொல்லலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள முன் வரிசைல இருந்த ஒரு பாட்டி எழுந்து "அப்ப என் ஈபிஎஃப் காசுலயும் கை வைக்கப் போறீங்களா"ன்னு கேட்டுட்டு வெளிய போயிட்டாங்க, பின்னாடியே பத்து பேரு. சாயங்காலத்துக்குள்ள பாசார் மாலாம் வரைக்கும் ஈபிஎஃப்புக்கு வரி வருதாம்னு பேச்சு பரவிடுச்சு. அத சரி பண்ண எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, வீடு வீடா போய். அந்த பாட்டி மேல தப்பே இல்ல. வரின்னு சொன்னா அது நம்ம தலையிலதான் வந்து விழும்ங்கறது நம்ம ஜனங்க அனுபவத்துல கத்துக்கிட்டது. ஜிஎஸ்டி 2015-ல வந்துச்சு, அந்தக் கோவம் 2018 தேர்தல்ல தெரிஞ்சுது. அப்புறம் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) திரும்ப வந்து, சேவை வரி 2024 மார்ச்ல 6-லேர்ந்து 8 ஆச்சு. எல்லாமே கடைல, பில்லுல, நம்மகிட்ட.

கோட்ட முதல்ல போடுங்க

அதனால வாயத் தொறந்து சொல்ற முதல் வாக்கியமே கோடா இருக்கணும், எவ்வளவு சொத்துக்கு மேல வரிங்கற எல்லைக் கோடு. நாங்க பேசுறது இது: அம்பது மில்லியன் வெள்ளிக்கு மேல சொத்து உள்ளவங்களுக்கு மட்டும், அந்த அம்பதுக்கு மேல உள்ளதுக்கு மட்டும், வருசத்துக்கு 2 விழுக்காடு. இது சட்டம் இல்ல, அரசாங்கம் சொன்னதும் இல்ல, நாங்க கேக்குறது, அதையும் சேத்து சொல்லிடுங்க, இல்லன்னா நாளைக்கு யாராவது "அப்படி ஒரு சட்டமே இல்லியே"ன்னு கேட்டு உங்கள பொய்யராக்கிடுவாங்க.

ஒரு கணக்கு போதும். அறுபது மில்லியன் வச்சிருக்குறவரு பத்து மில்லியனுக்குத்தான் கட்டுவாரு, ரெண்டு லட்சம் வெள்ளி. நாப்பத்தொம்பது மில்லியன் வச்சிருக்குறவருக்கு சைபர். உங்க வீடு, உங்க ஈபிஎஃப், தாலி, மகள் கல்யாணத்துக்கு சேத்த நகை, அப்பா விட்டுட்டுப் போன மூணு ஏக்கர் செம்பனை, பட்டணத்துல இருக்குற ரெண்டு கடை, எல்லாம் கூட்டினாலும் கோட்டுக்குக் கிட்டயே வராது. இத ஒரு காகிதத்துல பெரிய எழுத்துல எழுதி சுவத்துல ஒட்டிட்டு அப்புறம் பேச ஆரம்பிங்க.

கோட்டக் கீழ இறக்கச் சொல்லி சிலபேர் கேப்பாங்க, "அஞ்சு மில்லியன்னு வச்சா இன்னும் நெறைய காசு வருமே"ன்னு. ஒத்துக்காதீங்க. நார்வேல 1892-லேர்ந்து சொத்து வரி இருக்கு, அங்க 2024-ல கோடு சுமார் 1.7 மில்லியன் குரோனர்தான், அதனால பெரும் பணக்காரங்க மட்டும் இல்லாம நடுத்தர ஆளுங்களும் உள்ள வந்துடுறாங்க. 2025 செப்டம்பர் தேர்தல்ல இதுவே பெரிய சண்டையா இருந்துச்சு. வரிய வச்சுக்கணும்னு நின்ன லேபர் கட்சிதான் ஜெயிச்சுது, ஆனா அவங்களுக்கு நூறு வருசத்துக்கு மேல பழகின வரி அது. நம்ம இனிமேதான் ஆரம்பிக்கப் போறோம். நடுத்தரக் குடும்பம் ஒன்னு பயந்துச்சுன்னா அந்தத் தெருவே பயப்படும்.

அதே மாதிரி எதுக்கு விலக்கு குடுக்குறோம்ங்கறதுலயும் கவனமா இருக்கணும். இதுக்கு இந்தியாவப் பாருங்க. அங்க 1957-லேர்ந்து சொத்து வரி சட்டம் இருந்துச்சு, ஆனா 1993-லேர்ந்து கம்பெனிப் பங்கையெல்லாம் வெளிய எடுத்துட்டாங்க, மிச்சம் இருந்தது நகை, கார், ரெண்டாவது வீடு, பட்டணத்து காலி நிலம் இந்த மாதிரி. பெரும் பணக்காரன் சொத்து இருக்குறதே பங்குலதான், அத விட்டுட்டா என்ன வரும்? கோடும் வெறும் முப்பது லட்சம் ரூபா, அதுக்கு மேல 1 விழுக்காடு. 2013-14-ல மொத்த நாட்டுக்கும் ஆயிரம் கோடி ரூபாக்கு கொஞ்சம் மேலதான் கெடச்சுது, அந்த நாட்டு அளவுக்கு அது ஒன்னுமே இல்ல, வசூல் பண்ற செலவு அதிகம் வரவு கம்மின்னு சொல்லி 2015 பட்ஜெட்ல நிதியமைச்சர் அருண் ஜெட்லி எடுத்துட்டாரு. "இந்தியாவுலயே தோத்துப் போச்சே"ன்னு யாராவது கேட்டா இதச் சொல்லுங்க, பெரிய மீன் போற அளவுக்கு ஓட்டைய விட்டுட்டு சின்ன மீனப் புடிச்ச வல அது.

அரிசி

மில்லியன், பில்லியன்னு சொன்னா யாருக்கும் மனசுல ஒட்டாது, எனக்கும் ஒட்டாது. ரெண்டும் "பெரிய காசு", அவ்வளவுதான். இதுக்கு நான் செய்யுறது ஒன்னு இருக்கு, செலவு ஒரு கிலோ அரிசி.

2025-லேர்ந்து குறைந்தபட்ச சம்பளம் மாசம் 1,700 வெள்ளி, வருசத்துக்கு 20,400. ஒரு அரிசி மணிய எடுத்து வெள்ளத் தட்டுல வைங்க. இது ஒரு ஆளோட ஒரு வருசம்னு சொல்லுங்க, காலைல அஞ்சு மணிக்கு எழுந்து, மழையிலயும் வெயில்லயும், பன்னெண்டு மாசம், எல்லாம் சேந்து இந்த ஒரு மணி. ஒரு காசு செலவு பண்ணாம சாப்பிடாம சேத்து வச்சாலும் ஒரு மில்லியன் சேர 49 வருசம், 49 மணி, உள்ளங்கைல ஒரு ஓரத்துல அடங்கிடும். நான் பேசுற கோடு, அம்பது மில்லியன், அதுக்கு 2,450 மணி. திருவள்ளுவருக்கும் முந்தி வேலைக்கு சேந்து இன்னைக்கு வரைக்கும் லீவு போடாம செஞ்சிருந்தாத்தான் அந்தக் கோட்டத் தொடலாம்.

அப்புறம் அந்த ஒரு கிலோ பேக்க எடுத்து தட்டுக்குப் பக்கத்துல வைங்க. ஒரு பில்லியன் வெள்ளி இதுதான். 1,000 மில்லியன். நானும் என் மகளும் சமையக்கட்டு தராசுல பத்து கிராம் நிறுத்து உக்காந்து எண்ணிப் பாத்தோம், அஞ்சூறுக்குப் பக்கத்துல வந்துச்சு, அப்ப ஒரு கிலோல சுமாரா அம்பதாயிரம் மணி, ஒரு பில்லியனுக்குத் தேவையானது 49,000 வருச சம்பளம், கணக்கு கிட்டத்தட்ட சரியா வருது. அரிசிக்கு அரிசி கொஞ்சம் மாறும், நீங்களே எண்ணிப் பாத்துட்டுப் போங்க, யாராவது கேட்டா நான் எண்ணினேன்னு நெஞ்ச நிமித்தி சொல்லலாம்.

பேக்க வச்சதும் யாரும் பேசமாட்டாங்க கொஞ்ச நேரம். அந்த நேரத்துல நீங்களும் பேசாதீங்க. அவங்க அந்த ஒத்த மணியையும் பேக்கையும் மாத்தி மாத்திப் பாக்கட்டும். ஒரு தடவ ஒரு பெரியவரு, செம்பனை வெட்டுனவரு, கை விரலெல்லாம் காய்ச்சுப் போயிருக்கும், அந்த ஒரு மணிய விரல்ல எடுக்கப் பாத்தாரு, எடுக்க வரல, விரல் ரேகையே தேஞ்சு போயிருந்துச்சு. அவரு ஒன்னும் சொல்லல, நானும் ஒன்னும் சொல்லல.

இப்ப வரி. ஒரு பில்லியன்ல முதல் அம்பது மில்லியன் தொடமாட்டோம், மிச்சம் 950 மில்லியனுக்கு 2 விழுக்காடு, 19 மில்லியன். அதாவது இந்த ஒரு கிலோல 19 கிராம். சூப் குடிக்கிற கரண்டில அள்ளிக் காட்டுங்க, ரெண்டு கரண்டி கூட நெறையாது. அள்ளுனத தட்டுல கொட்டிட்டு, இது 930 பேரோட ஒரு வருச சம்பளம், அவரு பேக்குல கொறஞ்சது தெரியுதான்னு கேளுங்க. தெரியாது. இன்னொன்னும் சொல்லணும், அந்தப் பேக்கு சும்மா இருக்குற பேக்கு இல்ல, வளருற பேக்கு. நம்ம ஈபிஎஃப்பே 2024-க்கு 6.3 விழுக்காடு டிவிடென் குடுத்துச்சு, அதே அளவு அவரு சொத்தும் வளந்தா வருசத்துக்கு 63 மில்லியன் கூடும், 19 கட்டினாலும் 44 மிச்சம், அடுத்த வருசம் பேக்கு இன்னும் பெருசாத்தான் இருக்கும்.

காசு எங்க போகும்னு சொல்லாம எழுந்திருக்காதீங்க

வரிய ஜனங்ககிட்ட நேரா ஓட்டுக்கு விட்ட ரெண்டு எடத்தப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா நெறைய புரியும். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம், 2022 நவம்பர்ல, வருசத்துக்கு ஒரு மில்லியன் டாலருக்கு மேல வருமானம் உள்ளவங்க அதுக்கு மேல உள்ளதுக்கு கூட 4 விழுக்காடு கட்டணும்னு கேட்டாங்க. இது சொத்து வரி இல்ல, வருமான வரி, மாத்திச் சொல்லிடாதீங்க. காசு பள்ளிக்கூடத்துக்கும் ரோடு பஸ் ரயிலுக்கும்தான்னு கேள்வியிலயே எழுதியிருந்தாங்க. 52 விழுக்காடு பேர் சரின்னாங்க. அதே மாநிலத்துல பணக்காரங்க கூட கட்டணும்ங்கற மாதிரி மாத்தத்த அதுக்கு முன்னாடி அஞ்சு தடவ ஓட்டுக்கு விட்டு அஞ்சு தடவயும் தோத்திருக்காங்க. ஆறாவது தடவ ஜெயிச்சுது. நெனச்சதவிட காசும் அதிகமா வந்துச்சு, பள்ளிக்கூடப் புள்ளைங்க எல்லாருக்கும் இலவச சாப்பாடு குடுக்க அதுலேர்ந்து எடுத்தாங்க.

அடுத்தது சுவிட்சர்லாந்து, 2025 நவம்பர் 30. அம்பது மில்லியன் பிராங்குக்கு மேல வர்ற பரம்பரை சொத்துல பாதிய, ஆமா 50 விழுக்காட, வரியா எடுத்து பருவநிலை மாற்றத்த எதிர்கொள்ள செலவு பண்ணலாமான்னு கேட்டாங்க. சுமார் 78 விழுக்காடு பேர் வேணாம்னுட்டாங்க. ஆனா பாருங்க, அந்த நாட்டுல எல்லா கேன்டன்லயும் (நம்ம மாநிலம் மாதிரி) வருசா வருசம் சொத்து வரி ஏற்கனவே இருக்கு, சொத்து வரி பழகின ஜனங்கதான் அவங்க. பாதிங்கற வார்த்தை பயமுறுத்திடுச்சு, குடும்பக் கம்பெனிய வித்துத்தான் கட்டணும்னு எதிர்ப்பக்கம் சொன்னது எடுபட்டுடுச்சு, இது என் கருத்து. நம்ம கரண்டி அளவுல நிக்கணும். வருசத்துக்கு ரெண்டு கரண்டி, அதுக்கு மேல யாராவது கோவத்துல "எல்லாத்தையும் புடுங்கணும்"னு பேசினா, அண்ணே அது நம்ம கேக்குறது இல்லன்னு அங்கயே நிறுத்துங்க.

காசு எதுக்குன்னு நம்ம ஊருல கேட்டா என்ன சொல்லலாம்? நான் ரெண்டே ரெண்டுதான் சொல்லுவேன், பத்து சொன்னா ஒன்னும் நிக்காது. ஒன்னு அரசாங்க ஆஸ்பத்திரி, நிபுணர் டாக்டர பாக்க அப்பாய்ன்ட்மென்ட் எத்தன மாசம் தள்ளிப் போகுதுன்னு நம்மளுக்குத் தெரியும், அத யாருக்கும் விளக்க வேணாம். இன்னொன்னு தோட்டத்த விட்டு வந்தவங்களுக்கு சொந்த வீடு. இதப் பேசும்போது எனக்குத் தொண்ட அடைக்கும், சொல்லிடுறேன். எங்கப்பா ஒரே தோட்டத்துல 38 வருசம். தோட்டம் கை மாறுச்சு, லயத்த, தோட்டத்து வரிசை வீட்ட, காலி பண்ணச் சொல்லி கடிதாசி வந்துச்சு, அம்மா வாசல்ல வச்ச முருங்க மரத்துல காய் பறிச்சுக்கிட்டு இருந்தாங்க அப்ப. 38 வருசம் ஒழைச்ச எடத்துல ஒரு செங்கல் கூட எங்களுது இல்ல. மரத்த பேத்துக்கிட்டுப் போக முடியுமா, ஒரு கொம்ப வெட்டிக்கிட்டுப் போனோம். அந்த நிலத்தோட வெல இப்ப எங்க நிக்குதுன்னு அந்தப் பக்கம் மோட்டோல போகும்போதெல்லாம் நெனைப்பேன். அந்த வெலைய ஏத்துனது யாரு, யாரு ஒழைப்பு? ஒங்க வீட்டுலயும் இப்படி ஒரு கத இருக்கும், அதச் சொல்லுங்க, என் கதைய சொல்லாதீங்க.

ஒரு விசயம் நேர்மையா சொல்லிடணும், அரசாங்கத்துக்கு வர்ற வரிக்காசு எல்லாம் ஒருங்கிணைந்த நிதின்னு ஒரே பானைக்குத்தான் போகும், அரசியல் சட்டத்துல 97-வது பிரிவு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான்னு ஆகணும்னா அதுக்குத் தனி அறநிதி வைக்கணும்னும், வருசா வருசம் கணக்க வெளிய போடணும்னும் சேத்தே கேக்கணும். "குடுத்தாலும் மேல இருக்குறவன் சாப்ட்டுடுவான்"னு யாராவது சொல்லுவாங்க, 1எம்டிபி அரசாங்க நிதி ஊழல பாத்த ஜனங்க நம்ம, அவங்க சொல்றத மறுக்காதீங்க. மறுத்தா நம்மள அவங்க நம்பமாட்டாங்க. ஆமாண்ணே, அதனாலதான் தனிக் கணக்கு கேக்குறோம்னு சொல்லுங்க.

கோயிலுக்குக் குடுக்குற டத்தோ

பெரிய தடங்கல் இங்கதான், வேற எந்த நாட்டுக் கட்டுரையிலயும் இது இருக்காது. நம்ம ஊருல பட்டம் வாங்குன ஒரு டத்தோ இருப்பாரு, இல்ல ஒரு தௌக்கே, பெரிய முதலாளி, இருப்பாரு, கும்பாபிசேகத்துக்கு கலசம் அவரு குடுத்தது, தமிழ்ப்பள்ளிக்கு மேச நாற்காலி அவரு குடுத்தது, யாராவது செத்தா பெட்டிக்குக் காசு அவருதான். நீங்க வரின்னு பேசுனா கோயில் கமிட்டில உள்ளவங்க முகம் மாறும், "நம்மளுக்கு செய்யுற மனுசன் மேல ஏன்பா"ன்னு கேப்பாங்க. கேக்குறது நியாயம், நன்றி இருக்குற ஜனங்க அப்படித்தான் கேப்பாங்க.

அவங்ககிட்ட எடுத்த உடனே சொல்லுங்க: ஐயா, அவரு நல்ல மனுசரு, அவரு சொத்து அம்பது மில்லியனத் தாண்டுமான்னு எனக்குத் தெரியாது, ரொம்ப டத்தோங்க தாண்டமாட்டாங்க, அப்ப அவருக்கு இதுல ஒன்னுமே இல்ல. தாண்டினாருன்னா, கோயிலுக்குக் குடுக்குறது அவரு மனசு, அத யாரும் தடுக்கல. ஆனா நம்ம புள்ளைக்கு டயாலிசிஸ் கெடைக்கிறது ஒருத்தர் மனச பொறுத்து இருக்கக் கூடாது. அவரு இருக்குற பட்டணத்துல மேச வரும், இல்லாத பட்டணத்துல? இதுக்கு மேல வாதாட வேணாம். எந்த நாளும் ஒரு உள்ளூர்க்காரர் பேரச் சொல்லி, அவரு வீட்டக் காட்டி, அவரு கார் நம்பரச் சொல்லி பேசாதீங்க.

அத விட முக்கியம் இனம். பணக்காரன்னு ஆரம்பிச்ச மூணாவது நிமிசத்துல யாராவது "அவனுங்கதான்"னு ஒரு இனத்த இழுப்பாங்க, நம்ம நாட்டுல அது எவ்வளவு சுலபமா வரும்னு உங்களுக்கே தெரியும். அந்த எடத்துலயே வெட்டுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க. நாட்டுலயே பெரிய பணக்காரங்க வரிசையில பல வருசம் முன்னாடி இருந்தவரு ஆனந்த கிருஷ்ணன், பிரிக்ஃபீல்ட்ஸ்ல பொறந்த நம்ம தமிழரு, 2024 நவம்பர்ல காலமானாரு. எல்லா இனத்துலயும் அந்தக் கோட்டுக்கு மேல ஒரு கைப்புடி பேர், கோட்டுக்குக் கீழ மீதி எல்லாரும், பக்கத்து கம்பத்து மலாய்க்கார மாக்சிக்கும் பாசார்ல மீன் விக்கிற சீன ஆன்ட்டிக்கும் அந்த ஒத்த அரிசி மணிதான். முடிஞ்சா அதே அரிசிய எடுத்துக்கிட்டு அவங்ககிட்டயும் போங்க, மலாய்ல பேச வர்ற ஒரு தம்பியக் கூட்டிக்கிட்டு.

அப்புறம் வழக்கமா வர்ற கேள்வி, "அவங்க சிங்கப்பூருக்கு ஓடிடுவாங்களே". சிங்கப்பூரும் 2008-லயே பரம்பரை வரிய எடுத்துடுச்சு, ஆசை இருக்கத்தான் செய்யும். நார்வேலயும் வரிய ஏத்துன 2022-ல பெரிய பணக்காரங்க சிலபேரு சுவிட்சர்லாந்துக்குக் குடி போனாங்க, அது உண்மை, ஒளிக்காதீங்க. (போன எடத்துலயும் சொத்து வரி இருக்கு, கம்மி அவ்வளவுதான்.) அதுக்கப்புறம் நார்வே, நாட்ட விட்டுப் போறவங்க பங்கு லாபத்துக்கு வரி கட்டணும்ங்கற சட்டத்த இறுக்கிடுச்சு. நம்மளும் அதச் சேத்துக் கேக்கணும். ஆளு பிளேன் ஏறலாம், தோட்டம் ஏறாது, செம்பனையும் கட்டடமும் இங்கயேதான் நிக்கும்.

யாரு ஓட்டு, எங்க இருக்காங்க

லயத்துல போய் பேசுனா இப்ப ஓட்டர் கெடைக்கமாட்டாங்க. லயத்துல இருக்குறவங்க ரொம்ப பேரு வெளிநாட்டுத் தொழிலாளிங்க, அவங்களுக்கு ஓட்டு இல்ல. நம்ம ஆளுங்க தாமான்லயும் ஃபிளாட்லயும் இருக்காங்க, பசங்க பினாங்கு ஃபேக்டரில, கேஎல்ல, சிங்கப்பூர்ல ஷிப்ட் வேலை. 2021 டிசம்பர்லேர்ந்து 18 வயசு ஆனா தானாவே பேரு ஏறிடுது, ஆனா ஐசில, அதாவது அடையாள அட்டைல, இருக்குற விலாசத்துக்குத்தான் ஏறும், ஐசில இன்னும் பழைய தோட்டத்து விலாசம் இருக்குறவங்க நெறைய. தேர்தல் ஆணையம் எஸ்பிஆரோட இணையப் பக்கத்துல அவங்கவங்களே ஐசி நம்பர போட்டு எங்க ஓட்டுன்னு பாக்கச் சொல்லுங்க. நீங்க ஐசி நம்பர வாங்கி எழுதி வைக்காதீங்க, ஸ்கேமருங்க பண்ண வேலைல பாதி பேரு ஏமாந்திருக்காங்க, கேட்டாலே சந்தேகம் வரும்.

பசங்ககிட்ட பேச சரியான நேரம் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் வீட்டுக்கு வர்றப்பதான். பெரியவங்களுக்கு மத்தியானம் மூணுக்கு மேல, தூங்கி எழுந்து கோப்பி குடிக்கிற நேரம். வாட்சப்ல எழுத்து அனுப்புறது வேஸ்ட், ஒரு நிமிசத்துக்குள்ள வாய்ஸ் போடுங்க, ஊர்ப் பேச்சுல. தேர்தல் நேரத்துல மட்டும் கூட்டத்துக்கு சாப்பாடு போட்டு ஓட்டு கேக்காதீங்க, 1954 தேர்தல் குற்றச் சட்டத்துல அது குத்தம்.

இதெல்லாம் நடக்குமான்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது நம்ம ஊர்க் கததான். வெள்ளக்காரன் தோட்டங்கள வித்துட்டுப் போன நேரம், வாங்குனவங்க துண்டு துண்டா வெட்டி வித்தாங்க, தோட்டத் துண்டாடல்னு நம்ம தாத்தா காலத்து ஆளுங்க இன்னும் அந்த வார்த்தைய சொல்லுவாங்க, எத்தனையோ பேருக்கு வேலையும் போச்சு வீடும் போச்சு. 1960-ல மஇகா கட்சித் தலைவரா இருந்த துன் சம்பந்தன், இதே சுங்கை சிப்புட்காரரு, தேசிய நில நிதி கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு, தோட்டம் தோட்டமா போய், பால் மரம் சீவுறவங்ககிட்ட பத்து பத்து வெள்ளியா பங்கு சேத்து, அந்தக் காசுல தோட்டமே வாங்கினாரு. நிலம், வரவு, உரிமைங்கறதெல்லாம் நம்ம ஜனங்களுக்குப் புரியாதுன்னு நெனைக்கிறவங்க இத மறந்துட்டாங்க.

ஒய்பிகிட்ட, அதாவது நம்ம தொகுதி எம்பிகிட்ட, போறது

சட்டத்துல நம்மளுக்கு ஒரு கொற இருக்கு. மாசசூசெட்ஸ், சுவிட்சர்லாந்து மாதிரி ஒரு கேள்விய ஜனங்க நேரா ஓட்டு போட்டு முடிவு பண்ற வழி நம்ம அரசியல் சட்டத்துல இல்ல. இந்த மாதிரி வரிய மத்திய அரசாங்கச் சட்டம்தான் போட முடியும், 96-வது பிரிவு, அதனால மாநிலத் தேர்தல்ல சட்டமன்ற ஆளுகிட்ட கேட்டுப் புண்ணியம் இல்ல. நாடாளுமன்ற உறுப்பினர் கூட தானா இந்த மசோதாவ கொண்டு வர முடியாது, வரி போடுற மசோதாவ அமைச்சர் ஒருத்தர்தான் கொண்டு வரணும், 67-வது பிரிவு. இதத் தெரியாம போனீங்கன்னா ஒய்பி சிரிச்சுக்கிட்டே "என் கையில இல்லியே"ன்னு அனுப்பிடுவாரு. தெரிஞ்சு போங்க. ஒய்பி, நீங்க மசோதா கொண்டு வர முடியாதுன்னு தெரியும், நாங்க கேக்குறது மூணுதான்: உங்க கட்சி தேர்தல் அறிக்கைல இது வருமா, அமைச்சர் கொண்டு வந்தா நீங்க ஆதரிச்சு ஓட்டு போடுவீங்களா, பட்ஜெட் விவாதத்துல எழுந்து பேசுவீங்களா. அடுத்த பொதுத் தேர்தல் 2028 தொடக்கத்துக்குள்ள நடந்தே ஆகணும். எதிர்த்து நிக்கப் போறவங்ககிட்டயும் இதே மூணு கேள்வி, இதே வார்த்தைல.

தனியா போகாதீங்க, அஞ்சாறு பேரா போங்க, அதுல ஒரு ஆளு கட்டாயம் அந்த சுக்காய் பிந்து அக்கா மாதிரி ஒருத்தரா இருக்கணும், பில்லு கையில. வாயால கேட்டுட்டு வந்துடாதீங்க, கடிதமா குடுத்து சேவை மையத்துல ரசீது முத்திர வாங்குங்க, முப்பது நாள்ல எழுத்துல பதில் வேணும்னு கடிதத்துலயே போடுங்க. பதில் வந்தா ஜெராக்ஸ் எடுத்து கோயில் கமிட்டிகிட்ட கேட்டுக்கிட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க, "பரிசீலிக்கிறோம்"னு ஒத்த வரி வந்தாலும் அத அப்படியே ஒட்டுங்க. ஒன்னுமே வரலன்னா கடிதத்த ஒட்டி, கீழ குடுத்த தேதியையும் இன்னைக்குத் தேதியையும் எழுதி, "பதில் இல்ல"ன்னு போட்டு வைங்க. அடுத்த சுக்காய் பிந்து கட்டுற மாசம் தேதிய மாத்தி எழுதணும், அத மறந்துடாதீங்க.